ஸ்டீம் டெக் ஓஎல்இடி: கைக்குள் அடங்கும் கேமிங் கணினி

2022இல் வந்த முதல் ஸ்டீம் டெக்கின் பெரிய குறை பேட்டரிதான்: வெறும் 40 வாட்-மணி. 2023 நவம்பரில் வந்த ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை) மாடலில் அது 50. சிப்பும் 7 நானோமீட்டரிலிருந்து 6க்கு இறங்கியதால் மின்செலவு குறைவு. 7.4 அங்குலத் திரை, 90 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 90 முறை புதுப்பிக்கும்). இருட்டுக் காட்சிகளில் கறுப்பு நிஜமாகவே கறுப்பாகத் தெரிவது அத்தனை அழகு! மூன்று புள்ளி பட்டனை அழுத்தி ஃப்ரேம் வரம்பை (நொடிக்கு எத்தனை படங்கள் என்பதை) 45இல் வையுங்கள், சார்ஜ் இன்னும் நீடிக்கும்.

எஸ்எஸ்டி (சேமிப்பகம்) மாற்றுவதானால் 2230 அளவே (22×30 மி.மீ.) வாங்குங்கள். 80 மி.மீ. நீளமுள்ள 2280 உள்ளே அடங்காது. டி6 டார்க்ஸ் (நட்சத்திர முனை) திருப்புளியால் பின்மூடியின் 8 திருகுகளைக் கழற்றுமுன் மைக்ரோ எஸ்டி கார்டை எடுத்துவிடுங்கள். மறந்தால் கார்டு உடையும்.

இயங்குதளம் விண்டோஸ் அல்ல, லினக்ஸ் என்பதால் வேலரன்ட், ஃபோர்ட்நைட் ஆன்லைன் கேம்கள் இரண்டும் இதில் நேரடியாக ஓடாது. அவற்றுக்காகவே வாங்க நினைப்பவர்களுக்கு இது வேண்டாம்.