திரும்பவும் டி அண்ட் டி: ஆள் சேர்த்து ஆடிய அனுபவம்

கல்லூரி ஹாஸ்டலில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 3.5 பதிப்பை ஜெராக்ஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டு விடிய விடிய ஆடியவன் நான். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, என்ன செய்வதென்று பேசி, பகடை உருட்டி முடிவு பார்க்கிற மேசை விளையாட்டு இது, சுருக்கமாக டி அண்ட் டி. வேலை, கல்யாணம், குழந்தை என்று பல வருஷம் விட்டுப்போனது. 2022ல் சென்னையில் மறுபடி ஆரம்பித்து, இரண்டாவதாக அமைந்த குழுவோடு இன்றுவரை ஐந்தாம் பதிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. நீண்ட நாள் ஆடினால் இதில் எது கைகொடுக்கிறது, எது படுத்துகிறது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் விதிகள். 3.5ல் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கணக்கு: உயரத்தில் நின்றால் +1, எதிரியை இரண்டு பக்கமும் வளைத்தால் +2, இப்படிப் பகடையில் விழும் எண்ணோடு கூட்டிக்கொண்டே போக வேண்டும். 2014ல் வந்த ஐந்தாம் பதிப்பு இதில் பெரும்பாலானதைத் தூக்கிவிட்டு, சூழ்நிலை சாதகமாக இருந்தால் இருபது பக்கப் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள், பாதகமென்றால் சின்னதை எடு என்று முடித்துவிட்டது. புதிதாக வருபவர் கால் மணி நேரத்தில் பிடித்துக்கொள்கிறார். அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, ஆகவே எடுத்த எடுப்பில் காசைக் கொட்ட வேண்டாம். யார் எங்கே நிற்கிறார்கள் என்று காட்ட சார்ட் பேப்பரில் கட்டம் போட்டு லேமினேட் செய்து வைத்திருக்கிறோம், கேரம் காய்கள்தான் எங்கள் கோப்ளின்கள், அதாவது கதையில் வரும் குட்டி அரக்கர்கள்.

ஆள் கிடைப்பதுதான் பெரிய வேலை. நண்பர்களை இழுத்து ஆரம்பித்த முதல் குழு "அடுத்த வாரம் பாத்துக்கலாம் மச்சான்" என்றே கரைந்துபோனது. அப்புறம் ஒரு போர்டு கேம் கஃபேயில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்கிற மாலை நேர ஆட்டங்களுக்குப் போனேன். ஒரே உட்காரலில் முடிகிற கதைகள் அவை. மூன்று மணி நேரம் ஒருவரோடு ஆடினால் போதும், அடுத்தவர் முறை வரும்போது அவர் கேட்கிறாரா, போனை நோண்டுகிறாரா, தோற்றால் முகம் எப்படிப் போகிறது, எல்லாம் தெரிந்துவிடும். அங்கே பார்த்துப் பிடித்தவர்களைத்தான் வீட்டுக்கு அழைத்தேன். ஒவ்வொரு தடவையும் நாள் பேசிக்கொண்டிருக்காமல், நிரந்தரமாக ஒரு கிழமையை முடிவு செய்துவிட்டோம்: ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு மதியம், மூன்று பேர் வந்தால் ஆட்டம் உண்டு, வராதவரின் கதாபாத்திரம் அன்றைக்கு ஊரில் தங்கிவிடும். இந்த ஒரு ஏற்பாடு இல்லையென்றால் குழு எப்போதோ கலைந்திருக்கும்.

புதியவர்களுக்கென்று வந்த 2014 ஸ்டார்ட்டர் செட் பெட்டியில்தான் தொடங்கினோம். 32 பக்க விதிப் புத்தகம், 64 பக்கக் கதை, தயாரான ஐந்து கதாபாத்திரங்கள், பகடைகள். கதை ஒரு காட்டுப் பாதையில் தொடங்கும், வழியை மறித்து இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கும். இளவட்டங்கள் வாளை உருவிவிட்டார்கள். எங்கள் குழுவில் மூத்தவர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம், நிதானமாகக் கேட்டார்: "இருப்பா, அது யார் குதிரைன்னு முதல்ல சொல்லு. பையில என்ன இருக்கு?" பை காலி, பக்கத்தில் வரைபடம் வைக்கிற தோல் உறை, அதுவும் காலி. மேசையே அமைதியானது. கதையின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது, அதை எந்தப் பகடையும் உருட்டாமல் ஒரு கேள்வியில் பிடித்தார். இதற்காகத்தான் எதிரெதிரே உட்கார்ந்து ஆட வேண்டும் என்கிறேன். சிங்கப்பூருக்கு மாறிப்போன நண்பர் வீடியோவில் சேர்கிறார், ஆட்டம் நடக்கிறது, ஆனால் ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பாய்ந்து பேசும் அந்தக் கலகலப்பு திரையில் வருவதில்லை.

குறைகளும் உண்டு. முதல் நிலையில் மந்திரவாதிக்கு உயிர்ப் புள்ளி, அதாவது அடி தாங்கும் அளவு, ஏழெட்டுதான், கோப்ளினின் ஒரு அம்பு எட்டு வரை தின்னும். புதியவர் முதல் சண்டையிலேயே சாய்ந்தால் மறுபடி வர மாட்டார், ஆகவே டிஎம், அதாவது கதையை நடத்துபவர், கொஞ்சம் கைதளர்த்தி ஆட வேண்டும். நான்கு பேரைத் தாண்டினால் சண்டை இழுக்கிறது, ஆறு பேர் இருந்தால் உங்கள் முறை வருவதற்குள் காபி ஆறிவிடும். நிலை ஏற ஏற டிஎம் தலையில் விழும் சுமையும் ஏறுகிறது. வாரநாள் இரவுகளில் வரைபடமும் எதிரிகளும் தயார் செய்வது ஒருவரே தொடர்ந்து சுமக்கிற காரியம் இல்லை, அதனால் ஒரு கதை முடிந்ததும் டிஎம் மாறுவது என்று வைத்துக்கொண்டோம்.

2024ல் திருத்திய பதிப்பு வந்திருக்கிறது, ஆயுதங்களுக்கென்று தனித் திறன்கள் சேர்த்திருக்கிறார்கள், வாள்வீரனாக ஆடுபவர்களுக்கு அது நல்ல தீனி. நாங்கள் நடக்கிற கதையை 2014 விதியிலேயே முடித்துவிட்டு மாறுவதாக இருக்கிறோம். புதிதாக ஆரம்பிப்பவர்கள் நேராக 2024க்கே போங்கள், ஆனால் புத்தகத்துக்கு முன்னால் நாலு ஆளைப் பிடியுங்கள்.