டேக்-ஹோம் கால்குலேட்டர்: ரூபாய்க் கணக்கு சரி, மணிக் கணக்கு எங்கே?

ஆஃபர் லெட்டர் வந்ததும் பலர் முதலில் திறப்பது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் டேக்-ஹோம் கால்குலேட்டரைத்தான். சிடிசியை (நிறுவனம் உங்களுக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை) போட்டால் மாதம் கைக்கு எவ்வளவு வரும் என்று சொல்லிவிடும். அதற்கு நல்ல கருவி. வேலை மாறலாமா என்ற முடிவை மட்டும் அதன் கையில் விட்டுவிடக் கூடாது.

சென்னையில் ஆண்டுக்கு 9 லட்சம் சிடிசி வாங்குபவருக்கு 12 லட்சத்துக்கு ஆஃபர் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) பாதி. புதியதில் 1,20,000 வேரியபிள், அதாவது செயல்திறனைப் பொறுத்து கூடிக் குறையும் தொகை.

முதலில் பிஎஃப் கட்டத்தைப் பாருங்கள். சில கால்குலேட்டர்கள் பேசிக்குக்கு 15,000 உச்சவரம்பை வைத்து மாதம் 1,800 மட்டும் கழிக்கும். புதிய நிறுவனம் முழு பேசிக்கில் 12% பிடித்தால் அது 6,000. நிறுவனத்தின் பங்கும் சிடிசிக்குள்தான் வருகிறது என்பதால், திரையில் தெரியும் தொகை உண்மையைவிட 8,400 கூடுதலாக இருக்கும். அடுத்து வேரியபிள். அதைத் தனியாகப் பிரித்துப் போடாவிட்டால் அதுவும் மாதச் சம்பளமாகிவிடும். கிராஜுவிட்டி (பேசிக்கில் 4.81%) நிரந்தரப் பணியாளருக்கு 5 ஆண்டு முடிந்த பிறகே கைக்கு வரும். அதையும் கழித்துவிடுங்கள்.

எல்லாம் சரியாகப் போட்டால் பழைய வேலையில் மாதம் சுமார் 63,990, புதியதில் 75,390. தொழில்வரி ஆண்டுக்கு 2,500 கழிந்துவிட்டது. 2025-26 புதிய வரிமுறையில் இரண்டுக்கும் வருமான வரி இல்லை. காகிதத்தில் 33% உயர்வு, கைக்கு வருவது 18%.

கால்குலேட்டர் இத்துடன் நின்றுவிடுகிறது. பெரிய குறையே இதுதான். அம்பத்தூரில் வீடு, பழைய அலுவலகம் பக்கத்திலேயே: வேலை 9 மணி நேரம், போக வர 1 மணி. 22 நாளைக்கு 220 மணி நேரம். புதியது சிறுசேரியில்: வேலை பத்தரை, பயணம் 3. மொத்தம் 297. மணிக்கு 291 ரூபாய் வந்த இடத்தில் இப்போது 254. வேரியபிள் முழுசாகக் கிடைத்தாலும் 287தான். பிஎஃப்பில் சேர்வதும் உங்கள் பணமே, உண்மை. அதைக் கூட்டினாலும் பழைய வேலைதான் முன்னால் நிற்கிறது.

மன அழுத்தத்துக்குக் கட்டம் கிடையாது. ஆனால் அதை உண்டாக்கும் விஷயங்களை எண்ணிவிடலாம். ஆன்-கால் (வேலை நேரத்துக்கு வெளியிலும் அழைத்தால் வர வேண்டிய முறை) எத்தனை வாரத்துக்கு ஒருமுறை? சனிக்கிழமை மென்பொருள் ரிலீஸ் உண்டா? டீம் அமெரிக்காவின் மேற்குக் கரையில் என்றால் அவர்களின் காலை 9 மணி மீட்டிங் கோடையில் நமக்கு இரவு 9:30. நவம்பரில் கடிகாரம் மாறியதும் 10:30. குழந்தையைத் தூங்க வைக்கும் நேரமும் சாப்பாட்டு நேரமும் அதில் போய்விடும். இந்த நேரத்தையும் 297-இல் கூட்டிக்கொள்ளுங்கள். கூட்டாமல் விடும் ஒவ்வொரு மணியும் புதிய சம்பளத்தைப் பொய்யாகப் பெரிதாக்குகிறது.

கால்குலேட்டருக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண் கொடுக்கலாம். கணக்கில் பிழையில்லை, கேள்விதான் பாதி. கடன் அடைக்க, கூடுதலாக வரும் அந்த மாதம் 11,400 கட்டாயம் தேவை என்றால் மணிக்கணக்கு பின்னால் போகும், அது நியாயமே. அப்போதும் கையெழுத்துக்கு முன் ஹெச்ஆரிடம் இரண்டை எழுத்தில் வாங்குங்கள்: போன ஆண்டு வேரியபிளில் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள், ஓராண்டுக்குள் விலகினால் ஜாயினிங் போனஸைத் திருப்பித் தர வேண்டுமா. நோட்டீஸ் காலம் 90 நாளா என்பதையும் பார்த்துவிடுங்கள்.