பாதியில் நிற்கும் கேம்கள்: குட்டி முதலா, பெரிசு முதலா?

கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில், நம் லைப்ரரியில் தூங்கும் கேம்களில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, சேல் நேரத்தில் வாங்கிப் போட்டு ஒரு தடவைகூடத் திறக்காதது. எபிக் கடை இலவசமாகக் கொடுக்கிறதே என்று அள்ளிப் போட்டதும் இதில் சேரும். இவற்றைப் பற்றிக் கவலையே வேண்டாம். பத்து வருஷம் கழித்துத் திறந்தாலும் முதல் நிமிடத்திலிருந்துதான் தொடங்கப் போகிறோம். இரண்டாவது ரகம்தான் தொல்லை: பதினைந்து இருபது மணி நேரம் ஆடிவிட்டு நடுவில் விட்டது. இது நாளாக ஆகக் கெட்டுப்போகும். கதை மறக்கும், பட்டன் மறக்கும், எந்தக் கதவைத் திறக்க எங்கே போய்க்கொண்டிருந்தோம் என்பதும் மறக்கும். இப்படி முடிக்காமல் சேர்ந்துகிடக்கும் பேக்லாக்கைக் குறைக்க ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். அந்த வழிகளை இந்த இரண்டாவது ரகத்தை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் ‘குட்டி முதல்’ வழி. ஹவ் லாங் டு பீட் தளத்தில் ஒவ்வொரு கேமுக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று ஆடியவர்களே பதிந்து வைத்திருக்கிறார்கள். மெயின் ஸ்டோரி மட்டும் என்றால் இவ்வளவு, கொஞ்சம் சுற்றினால் இவ்வளவு, ஒன்றுவிடாமல் முடித்தால் இவ்வளவு என்று மூன்று கணக்கு. அதைப் பார்த்துக் குறைந்த நேரத்திலிருந்து மேலே ஏறுவது. போர்ட்டல் (2007) சுமார் 3 மணி நேரம், ஃபயர்வாட்ச் (2016) 4, இன்சைட் (2016) மூன்றரை, எ ஷார்ட் ஹைக் (2019) ஒன்றரை. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையான வெண்பாவும் (2023) இந்தக் கூட்டம்தான். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி சரியாக மேலே போகும் என்று யோசிப்பதில் தொடங்கி, ஒரு சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். (கேம் என்றாலே முகம் சுளிக்கும் வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்துக் காட்ட இதைவிட நல்லது கிடையாது.)

இந்த ஐந்தையும் முடித்தால் பட்டியலில் ஐந்து பெயர் குறையும். மனசுக்குத் தெம்புதான். ஆனால் மணிக்கணக்கில் பார்த்தால் 15 மணி நேரம்கூடக் குறைந்திருக்காது. 2015-இல் வந்த விட்சர் 3-இன் மெயின் ஸ்டோரி மட்டுமே 50 மணி நேரம். எல்லாவற்றையும் தொட்டால் 170-ஐத் தாண்டும். அது அசையாமல் அப்படியே கிடக்கிறது. அதோடு, குட்டி கேம்களைப் பாதியில் விடுகிறவர்கள் குறைவு. அவை பெரும்பாலும் திறக்காத ரகம்தான். ஆக, பருப்பையும் புளியையும் எடுத்துச் சமைத்துவிட்டுக் கீரையை அழுகவிடுகிற வழி இது.

எதிர்முனையில் இருப்பது ‘ஒன்றே ஒன்று’ வழி. பெரிசில் ஒன்றைப் பிடித்து, அது முடியும்வரை வேறெதையும் தொடுவதில்லை. வேலை முடிந்து வந்து ராத்திரி ஒரு மணி நேரம் ஆடுகிறவருக்கு விட்சர் 3 என்பது இரண்டு மாத வேலை. கை மறக்காது, கதை மறக்காது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நோவிகிராட் நகரத்தில் கதாநாயகனின் நண்பன் டாண்டெலியனைத் தேடி இவரிடம் கேள், அவரிடம் கேள் என்று அலைக்கழிக்கும் பகுதி வருமே, அங்கே ஒரு வாரம் மாட்டினால் கேம் மேலேயே வெறுப்பு வரும். மாற்றிக்கொள்ள வேறு எதுவும் கிடையாது என்பதால், மறுபடி பாதியில் நிற்க இதுவே காரணமாகிவிடும். இந்த வழியில் போகிறவர்கள் எதை விடுவது என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்வது நல்லது. ஸ்கெல்லிகே தீவுகளைச் சுற்றிக் கடலெங்கும் கேள்விக்குறிகள் இருக்கும். படகில் போய், மேலே பறக்கும் சைரன்களை அடித்து வீழ்த்தி, தண்ணீரில் குதித்து எடுத்தால் பெரும்பாலும் விற்றுக் காசாக்கும் சரக்குதான். மேப்பில் அவற்றை மறைத்துவிட்டுக் கதையைப் பார்க்கலாம்.

இரண்டு வழிக்காரர்களும் அதிகம் பேசாத விஷயம் ஒன்று இருக்கிறது. விட்ட இடத்தைப் பதிந்து வைத்திருக்கும் பழைய சேவ் ஃபைலைத் தொடர்வதா, முதலிலிருந்தா? பேக்லாக்கின் உயிர்நாடியே இதுதான். இதற்கு ஒரே பதில் கிடையாது, கேமுக்குக் கேம் மாறும்.

விட்சர் 3-ஐத் தைரியமாகத் தொடரலாம். சேவ் லோட் ஆகும்போதே இதுவரை நடந்த கதை படங்களோடும் குரலோடும் ஓடும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-இல் (2018) கதாநாயகன் ஆர்தரின் நாட்குறிப்பைப் புரட்டினால் கதை பிடிபட்டுவிடும். கை பிடிபடாது. துப்பாக்கி உறையில் இருக்கும்போது பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரின் எல்2 பட்டனை அழுத்தினால் எதிரே நிற்பவரிடம் பேசலாம். கையில் இருந்தால் அதே எல்2 அவருக்குக் குறிவைக்கும். ஆறு மாதம் கழித்து வருகிறவர் வேலன்டைன் தெருவில் யாருக்கோ வணக்கம் சொல்லப் போய்த் துப்பாக்கியை நீட்டுவார், சாட்சி ஓடிப்போய்ச் சொல்வான், அப்புறம் ஊரே துரத்தும். முதல் ஒரு மணி நேரத்தைக் கதைப் பக்கம் போகாமல் வேட்டை, மீன்பிடிப்பு என்று கழித்தால் விரல்கள் வழிக்கு வந்துவிடும்.

செகிரோ (2019) நேர் எதிர். கதை மறந்தால் குடி முழுகிப்போகாது, எதிரியின் வாள் வந்து விழும் நொடியில் தடுக்கும் அந்த நேரக்கணக்கு போனால் எல்லாம் போச்சு. பாஸ் எனப்படும் பெரிய எதிரியின் வாசலில் இருக்கும் சேவ் ஃபைலைத் திறந்தவர் பத்து தடவை செத்து, பத்தே நிமிடத்தில் மூடிவிடுவார். ஆனால் பாழடைந்த கோவிலுக்கு வெளியே ஹன்பே என்ற சாகாத மனிதர் நிற்கிறார். பயிற்சிக்கென்றே இருப்பவர், எத்தனை தடவை வெட்டினாலும் எழுந்து நிற்பார். அவரிடம் இரண்டு ராத்திரி வாள் பிடித்துவிட்டு பாஸிடம் போகலாம். முதலிலிருந்து ஆட வேண்டிய அவசியமே இல்லை.

ஹாலோ நைட் (2017) மட்டும் விதிவிலக்கு. எந்தச் சுவரை உடைக்க முடியாமல் விட்டோம், எந்தப் பள்ளத்தைத் தாண்டப் புதுத் திறமை வேண்டும் என்ற ஞாபகம்தான் அந்த கேமே. டர்ட்மவுத் ஊரில் மேப் கடை வைத்திருக்கும் இசெல்டாவிடம் மார்க்கர் வாங்கி மேப்பில் குத்தி வைத்திருந்தால் பிழைத்தோம். இல்லாவிட்டால் புதிதாகத் தொடங்குவதே மேல். தெரிந்த இடங்களில் முதல் தடவையைவிட வேகமாகப் போய்விடலாம். ஹேடீஸ் (2020) போன்றவற்றுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. ஒவ்வொரு ஓட்டமும் அரை மணி நேரத்தில் புதிதாகப் பிறக்கிறது.

ஆகவே என் ஓட்டு ‘ஒரு பெரிசு, ஒரு குட்டி’ என்ற கலப்பு வழிக்கு. பெரிசாக வைத்துக்கொள்வது கை சீக்கிரம் மறக்கிற கேமாக இருக்கட்டும், கூடவே வைக்கும் குட்டி வேறு ஜாதியாக இருக்கட்டும். செகிரோவோடு வெண்பா போகும், எல்டன் ரிங் (2022) போகாது. இரண்டிலும் வாளைத் தூக்கினால், ஒன்றில் தடுக்க வேண்டிய இடத்தில் இன்னொன்றின் பழக்கத்தில் உருண்டு அடி வாங்குவோம். சந்தா கட்டி ஆடும் கேம் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த வரிசையெல்லாம் செல்லாது. ‘விரைவில் விடைபெறும்’ பகுதியில் பெயர் வந்துவிட்டால் அதுதான் முதல்.

குலுக்கல் போட்டு எடுப்பது திறக்காத ரகத்துக்குச் சரி, பாதியில் நிற்பதற்கு உதவாது. கிளைமாக்ஸை யூடியூபில் பார்த்துக் கைகழுவுவதைப் பலர் கேவலமாக நினைக்கிறார்கள், நான் நினைக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் டிஃபிகல்ட்டியைக் குறைத்துப் பார்க்கலாம். விட்சர் 3-இல் கதை மட்டும் போதும் என்கிறவர்களுக்கென்றே ஒரு நிலை இருக்கிறது. செலஸ்டின் (2018) அசிஸ்ட் மோடில் வேகத்தைக் குறைக்கலாம், சாகாமலே ஆடலாம். செகிரோவில் அப்படி எதுவும் கிடையாது, ஹன்பேவிடமும் பொறுமை போய்விட்டால் யூடியூப்தான்.

512 ஜிபி எஸ்எஸ்டி லேப்டாப்காரர்களுக்கு இவ்வளவு யோசனை தேவைப்படாது. ரெட் டெட் மட்டுமே 150 ஜிபி கேட்கும், அந்த அளவு பெரிசு நாலுக்கு இடம் இருக்காது. அன்இன்ஸ்டால் செய்யும் முன் சேவ் ஃபைல் கிளவுடில் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளவும். எல்லா கேமுக்கும் அந்த வசதி கிடையாது.