மோசின் நாகன்ட்டோடு பன்னிரண்டு வருடம்

2012-ல் அமெரிக்காவில் குறைந்த விலைக்குப் பழைய ராணுவ ரைபிள் வேண்டும் என்றால் எல்லாரும் கைகாட்டியது பழைய ரஷ்ய ரைபிளான மோசின் நாகன்ட் 91/30-ஐத்தான். நூறு டாலர் சொச்சம். 440 தோட்டா அடைத்த தகர டப்பாவும் மலிவு. பக்கத்திலேயே நம் ஊர் ராணுவ ரைபிள் இஷாப்பூர் 2ஏ1 ஒன்றும் இருந்தது, கொஞ்சம் கூடுதல் விலை. போலீஸ்காரர் தோளில் பார்த்துப் பழகிய 303 ரைபிளின் தம்பிதானே என்று அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

வாங்கும்போது ஒன்று மட்டும் சரியாகச் செய்தேன். டம்மி தோட்டாவின் மூக்கைக் குழல் வாயில் செருகிப் பார்த்தேன். எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவு தேய்மானம். மூன்றைத் தள்ளிவிட்டு நாலாவதை எடுத்தேன்: 1939, ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் ஆலை முத்திரை. வெளியே மரத்தில் கீறல்தான், குழல் நன்றாக இருந்தது.

முதல் நாளே இருபது தோட்டாவுக்குள், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் இறுகிவிட்டது. உள்ளங்கையால் அடித்துத் திறக்க வேண்டியதாயிற்று. பக்கத்து மேசைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு மரக்கட்டையை நீட்டினார். கோளாறு போல்ட்டில் இல்லை. தோட்டா உட்காரும் சேம்பருக்குள் பல வருடமாக ஒட்டிக் கிடந்த, துருவைத் தடுக்கப் பூசும் காஸ்மோலின் கிரீஸ் சூட்டில் இளகி, அரக்கு பூசிய இரும்புத் தோட்டாவைப் பிடித்துக்கொள்கிறது. ஷாட்கன் பிரஷ்ஷை ட்ரில்லில் மாட்டி, கரைப்பான் விட்டுச் சுற்றினேன். பழுப்புச் சேறு வழிந்தது. அப்புறம் அந்தத் தொல்லை இல்லை.

நூறு கஜத்தில் குண்டு ஒரு சாண் மேலே போனது. குறிபார்க்கும் முன் சைட்டின் ஊசி குட்டை. அதை உயர்த்த மின் வயரின் பிளாஸ்டிக் உறையை அதில் செருகி, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிச் சரிசெய்தேன். காசு செலவில்லை. இப்போது நல்ல நாளில் ஐந்து குண்டும் நாலு அங்குலத்துக்குள் விழும்.

மறக்கக் கூடாதது கழுவுவது. பழைய சோவியத் தோட்டாவின் ப்ரைமர், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் மூடி, சுட்டபின் குழலுக்குள் உப்பை விட்டுப்போகும். எண்ணெயில் அது கரையாது, தண்ணீர்தான் வேண்டும். ஒரு ஞாயிறு அலுப்பில் அப்படியே வைத்துவிட்டேன். மறுநாள் துணி விட்டு இழுத்தால் செங்கல் தூள் மாதிரி துரு. அதிலிருந்து வீட்டில் கெட்டிலுக்கு இரண்டு வேலை: டீக்கும், குழல் கழுவவும்.

2021-ல் ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்குப் புது அனுமதி நிறுத்தப்பட்டது. இப்போது செர்பியாவின் ப்ர்வி பார்ட்டிசான் பித்தளைத் தோட்டா வாங்குகிறேன். கழுவும் வேலை குறைந்தது, செலவு கூடியது. பித்தளையை எடுத்து மறுபடி நிரப்புகிறேன், அதனால் கட்டுப்படியாகிறது. துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும் முன் தோட்டாவைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். இஷாப்பூருக்குப் போடும் 7.62 நேட்டோ எந்தக் கடையிலும் கிடைக்கிறது. போன மாதம் ஒரு கண்காட்சியில் 2ஏ1 ஒன்றைப் பார்த்தேன். விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாக வைத்துவிட்டேன்.