ஆர்க்னி ஒரு நாள் வேன் சுற்றுலா: கடைசியில்தான் அவசரம்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னி தீவுகளின் முக்கிய ஊரான கிர்க்வாலில் காலை ஏறி மாலை இறங்கும் சுற்றுலா. ஓட்டுநரே வழிகாட்டி, விஷயம் தெரிந்தவர். ஜூனிலும் குல்லா வேண்டும்; காற்று ஆளைத் தள்ளுகிறது.

ஸ்காரா பிரே ஒன்றுக்கே கொடுத்த காசு தகும். சுமார் 5,000 வருஷத்துக் கற்கால வீடுகள். 1850-இல் ஒரு புயல் மணலை வாரிக்கொண்டு போனதும் வெளியே தெரிந்தவை. கல் கட்டில், நடுவில் அடுப்பு, வாசலுக்கு நேரெதிரே கல் அலமாரி. வருகிறவர் கண்ணில் முதலில் படட்டும் என்று வைத்தார்களோ? அம்மாவின் பாத்திர அலமாரி ஞாபகம் வந்துவிட்டது.

மேஸ்ஹோ கல்லறைக்குள் நன்றாகக் குனிந்துதான் போகணும், முதுகுவலிக்காரர்கள் யோசிக்கவும். சுவரில் 12-ஆம் நூற்றாண்டு நார்ஸ்காரர்கள் (ஸ்காண்டிநேவியர்கள்) கீறிய ரூன் என்ற பழைய எழுத்துகள். பல, 'இதை நான்தான் எழுதினேன்' ரகம்!

1468-இல் டென்மார்க் அரசர் மகளின் வரதட்சணைக்கு ஈடாக இந்தத் தீவுகளை ஸ்காட்லாந்திடம் அடகு வைத்தாராம், மீட்கவே இல்லை. கேட்டதும் சிரித்துவிட்டேன்.

குறை ஒன்று. இரண்டாம் உலகப்போரில் இத்தாலியக் கைதிகள் இரண்டு தகரக் கொட்டகைகளை இணைத்துக் கட்டிய தேவாலயத்துக்குப் பத்தே நிமிடம். 1919-இல் ஜெர்மானியர் தம் போர்க்கப்பல்களைத் தாமே மூழ்கடித்த ஸ்காபா ஃப்ளோ கடற்பகுதி, ஜன்னல் வழியே மட்டும். மதியச் சாப்பாடு கட்டணத்தில் சேராது.