புங்க எண்ணெயா, பலகாரக் கடை எண்ணெயா?

டீசலுக்கு மாற்றாக எண்ணெயிலிருந்து செய்யும் பயோடீசல் காய்ச்ச இரண்டுமே ஆகும். ஒன்றைத்தான் எடுக்கணும் என்றால் பொரித்து மீந்த கடை எண்ணெய் பக்கம்தான் நான்.

புங்கத்தின் பெருமை தெரிந்ததுதான்: வறட்சி தாங்கும், வேர் தழைச்சத்தைப் பிடிக்கும், புண்ணாக்கு உரமாகும். காய்ப்புக்கு வர நாலைந்து வருஷம். எக்ஸ்பெல்லர் என்ற எண்ணெய் பிழியும் இயந்திரத்தில் நாலு கிலோ விதைக்கு ஒரு கிலோ எண்ணெய் இறங்கினால் நல்லது. இதைக்கூடச் சமாளிக்கலாம். மாட்டிக்கொள்வது அமிலத்தில்.

எண்ணெயை மெத்தனால் என்ற ஆல்கஹாலோடு சேர்த்து பயோடீசலாக்கும் வினையைத் தூண்டுவது காஸ்டிக் சோடா. எண்ணெயில் பிரிந்து கிடக்கும் கொழுப்பமிலமோ அந்தக் காஸ்டிக்கோடு சேர்ந்து சோப்பாகிவிடும். அதனால் முதலில் டைட்ரேஷன், அதாவது அமிலம் எவ்வளவு என்று பார்க்கும் சோதனை. ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 1 கிராம் காஸ்டிக் கரைத்துக்கொள்ளுங்கள். 1 மி.லி. எண்ணெய், 10 மி.லி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நிறங்காட்டியான பினாப்தலீன் 2 சொட்டு, மூன்றையும் கலக்குங்கள். அதில் காஸ்டிக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு பத்து விநாடி மறையாமல் நின்றால் நிறுத்துங்கள். செலவான மி.லி.யோடு 3.5 கூட்டினால், லிட்டர் எண்ணெய்க்கு வேண்டிய காஸ்டிக் கிராமில் கிடைக்கும்.

அடிக்கடி எண்ணெய் மாற்றும் கடையின் சரக்கு பெரும்பாலும் 3 மி.லி.க்குள் அடங்கும்; அது ஏறக்குறைய 2 சதவீத அமிலம். நனைந்து சாக்கில் புழுங்கிய புங்க விதையின் எண்ணெய் இதைப் பல மடங்கு தாண்டும். அப்போது அந்தக் கொழுப்பமிலத்தைக் குறைக்க கந்தக அமிலமும் மெத்தனாலும் சேர்த்து ஒரு சுற்று, பிறகுதான் காஸ்டிக். வேலை இரட்டிப்பு, மெத்தனாலும் கூடுதல். உடனே காயவைத்து ஆட்டிய விதையில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் மூட்டையைப் பார்த்து எப்போது பொறுக்கியது என்று யார் சொல்வது?

கடை எண்ணெய்க்குப் பகை தண்ணீர். 110 டிகிரியில் சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சி, வடிகட்டி, 55க்கு ஆறவிடுங்கள். லிட்டருக்கு 200 மி.லி. மெத்தனாலில் காஸ்டிக்கைக் கரைத்து ஊற்றி, மூடிய கலனில் ஒரு மணி நேரம் கலக்கணும். மெத்தனால் 65 டிகிரியில் கொதிக்கும், அதன் ஆவி விஷம். கிட்டே நெருப்பு கூடவே கூடாது. இரவு முழுக்க விட்டால் கிளிசரின் கறுப்பாக அடியில் தங்கும். அதை இறக்கிவிட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவும்போது தயிர்போலத் திரண்டால் சோப்பு மிஞ்சிவிட்டது: ஒன்று காஸ்டிக் கணக்குப் பிசகு, இல்லையென்றால் எண்ணெயில் ஈரம்.

ஒரு குறை உண்டு. கடைகளில் ஓடுவது பாமாயில். அதன் பயோடீசல் ஊட்டிக் குளிரில் கலங்கி ஃபில்டரை அடைக்கும். புங்கம் அங்கே தேவலையா என்றால், விதைக்கு விதை மாறுவதால் அடித்துச் சொல்ல மாட்டேன். எதுவானாலும் டீசலோடு 20 சதவீதத்துக்கு மேல் கலக்காதீர்கள். முதல் சில டேங்க்குக்கு ஒரு ஃபில்டரைக் கூடவே வைத்திருங்கள், பழைய டேங்க்கின் கசடெல்லாம் கரைந்து வரும்.