ஸ்ட்ரான்சியம் பிரிக்கும் ரெசின்: ஆய்வகப் பயன்பாட்டு மதிப்புரை

கடலடிச் சுண்ணாம்புப் படிவுகள் புதைந்தபின் எவ்வளவு வேகமாக மறுபடிகமாகின்றன என்பதை அறிய, படிவையும் அதன் இடுக்குகளில் தேங்கிய துளைநீரையும் தனித்தனியே அளந்து ஒப்பிட வேண்டும். கடல்நீரில் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தின் 87, 86 ஐசோடோப்புகளின் (எடையில் வேறுபடும் அணுவகைகளின்) விகிதம் கடந்த 4 கோடி ஆண்டுகளில் ஏறத்தாழ 0.7078-லிருந்து 0.7092-ஆக உயர்ந்திருப்பதால், பழைய கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) கரைந்து மீண்டும் படியும்போது வெளியேறும் ஸ்ட்ரான்சியம் துளைநீரில் தன் சுவட்டைப் பதித்துவிடுகிறது. அச்சுவடு பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் தசம இடங்களில்தான் தெரியும். ஆகவே பிரித்தெடுப்பில் கவனக்குறைவுக்கு இடமே இல்லை.

இப்பணிக்குக் கிரவுன் ஈதர் (ஸ்ட்ரான்சியத்தைப் பற்றிக்கொள்ளும் வளைய மூலக்கூறு) ஏற்றிய ரெசினை, அதாவது சிறு பிசின் மணிகளை, பயன்படுத்தி வருகிறேன். பென்சில் தடிமன்கூட இல்லாத குழாயில், 3 மோலார் நைட்ரிக் அமிலத்தில் கரைத்த மாதிரியைச் சொட்டுச் சொட்டாக விட்டால், ஸ்ட்ரான்சியம் வெண்மணிகளில் தங்கிவிட, கால்சியமும் ருபீடியமும் வடிந்துவிடுகின்றன. பிறகு தூயநீர் விட்டாலே ஸ்ட்ரான்சியம் இறங்கிவிடுகிறது. ருபீடியம் 87-உம் ஸ்ட்ரான்சியம் 87-உம் நிறை நிறமாலைமானியில் (அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் கருவியில்) ஒரே இடத்தில் விழுவதால், ருபீடியத்தை விலக்கும் இந்த ஒரு குணத்துக்காகவே இதை மனமாரப் பரிந்துரைப்பேன்.

குறையும் உண்டு. மறுபயன்பாட்டில் முந்தைய மாதிரியின் எச்சம் நிற்கிறது. மாதிரி இல்லாமல் செய்யும் வெற்றுச் சோதனையில் அதைக் கண்ட நாள்முதல் ஒவ்வொரு மாதிரிக்கும் புதிய ரெசினையே நிரப்புகிறேன், செலவு கையைக் கடிக்கத்தான் செய்கிறது. களிமண் கலந்த படிவுக்கு ரெசின் மட்டும் போதாது. அம்மோனியம் அசிடேட்டில் கழுவி, நீர்த்த அசிடிக் அமிலத்தில் கார்பனேட்டை மட்டும் கரைத்து, உலர்த்தி, நைட்ரிக் அமிலத்துக்கு மாற்றிய பின்னரே குழாயில் விட வேண்டும்.